மூன்றடி மண் போதும்!

தேவர்சோலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. மேட்டிலே தேயிலை. சரிவிலே காப்பி. மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. அதற்கு அப்பால் காடு. கண்ணுக்குப் பச்சைப் பஞ்சம் கிடையாது. ஆனால் அடுப்படியில்?

ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போனால் தெரியும். அங்கே குவிந்திருக்கும் காய்கறி கூடலூரிலிருந்து வந்தது. கூடலூருக்கு எங்கிருந்து வந்தது? ஊட்டியிலிருந்து ஒரு லாரி. மைசூர்ப் பக்கத்துக் குண்டலுப்பேட்டையிலிருந்து இன்னொரு லாரி. லாரி வாடகை, இறக்கு கூலி, கமிஷன், வாடிப்போன காயின் நட்டம் எல்லாம் அந்தக் குவியலின் விலையில் ஏறியிருக்கின்றன.

வாரம் முழுவதும் கொழுந்து பறித்த தாய் பீன்ஸ் குவியலுக்கு முன்னால் நின்று விலை கேட்கிறாள். கோடையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டும் நாளும் உண்டு. "கால் கிலோ போடுங்க, அண்ணாச்சி" என்கிறாள். சில வாரம் அதுவும் இல்லை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் மூன்றடி அகலத்தில், பத்தடி நீளத்தில், மண் சும்மா கிடக்கிறது. அதில் புல் முளைக்கிறது. நெகிழிப் பை பறக்கிறது. பீன்ஸ் மட்டும் விளையவில்லை. ஏன்? யாரும் விதைக்கவில்லை!

அந்தத் துண்டு மண்ணில் குத்துச் செடி பீன்ஸ் விதைக்க வேண்டும். இடம் இல்லாத வீடுகளுக்கு எஸ்டேட்டுகள் மூன்றடி மண்ணை விட்டுத்தர வேண்டும். இது பெரிய திட்டம் அல்ல. கோடி ரூபாய் வேண்டாம். ஆனால் செய்தால் பலன் நிச்சயம்.

போஞ்சி வந்த வழி

பீன்ஸ் நம் ஊர்க் காய் அல்ல. அவரை நம்முடையது, பீன்ஸ் விருந்தாளி. அதன் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். 1492-ல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகுதான் அது மற்ற நாடுகளுக்குப் பரவியது. மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அப்படி வந்தவைதாமே! வந்த விருந்தாளி நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

நீலகிரிக்கு 1819-ல் ஜான் சல்லிவன் என்ற ஆங்கிலேய கலெக்டர் வந்தார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். குளிர்ந்த மலையைக் கண்டதும் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். அன்று தொடங்கிய பழக்கம் பிறகு மலை முழுவதும் பரவியது. இன்று ஊட்டிக் காய்கறி என்றால் தமிழ்நாடெங்கும் தனி மதிப்பு.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தக் காய்க்கு இன்னொரு பெயரும் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பாட்டிமார் அதைப் 'போஞ்சி' என்பார்கள். அது டச்சுக்காரர் விட்டுச் சென்ற சொல். சிங்களத்தில் 'போஞ்சி' ஆகி, இலங்கைத் தமிழில் நிலைத்து, கப்பல் ஏறித் தாயகம் வந்தது.

1964 அக்டோபர் 30-ந் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழக அரசு 1968-ல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பின்னாளில் 'டான்டீ' என்ற அரசு நிறுவனம் ஆயிற்று.

இலங்கைத் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்தில் கிடைத்த சிறு இடத்தில் போஞ்சியும் கீரையும் போட்டு வளர்த்தவர்கள் அந்தப் பாட்டிமார். பறிக்கும் கையும் அவர்களுடையது. விதைக்கும் கையும் அவர்களுடையது. கடல் தாண்டி வந்தபின் பெயர் மட்டும் பல வீடுகளில் தங்கியது, பாத்தி தங்கவில்லை. இது பெரிய நட்டம் அல்லவா?

இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் செய்த அதே சாஸ்திரி, 1965-ல் நாட்டில் உணவு நெருக்கடி வந்தபோது வீட்டுக்கு வீடு தோட்டம் போடச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. தம் அரசு இல்லத்துப் புல்வெளியையே விளைநிலமாக்கிக் காட்டினார். பிரதமரின் கைக்குப் பொருந்திய மண்வெட்டி நம் கைக்குப் பொருந்தாதா?

கொடியா? செடியா?

பீன்ஸில் இரண்டு சாதி உண்டு. ஒன்று கொடி பீன்ஸ். ஆள் உயரத்துக்கு மேல் ஏறும். இரண்டாவது குத்துச் செடி பீன்ஸ். முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். கிளைத்து, புதர்போல் அடர்ந்து, பூத்துக் காய்க்கும்.

கொடி பீன்ஸ் அதிக நாள் காய்க்கும். மொத்த விளைச்சலும் அதிகம். அதை மறுக்க முடியாது. வயலும் ஆளும் உள்ள விவசாயிக்கு அது ஏற்றது. ஆனால் தேவர்சோலையில் ஒரு வீட்டுக் கொல்லைக்கு ஏற்றது குத்துச் செடிதான். அதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம், கொம்பு. கொடி ஏற ஆள் உயரக் கொம்பு வேண்டும். கொம்புக்கு எங்கே போவது? காட்டுக்கு. காட்டில் யானை இருக்கிறது, காட்டெருமை இருக்கிறது. 2021-ல் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலியைத் தேடும் வேட்டை தேவர்சோலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில்தான் தொடங்கியது. மூன்று வாரத்துக்குப் பிறகு அக்டோபர் 15-ந் தேதி அதை உயிருடன் பிடித்தார்கள். நாலு கொம்புக்காக அந்தப் பக்கம் போவானேன்? காட்டில் மரம் வெட்டுவது சட்டப்படி குற்றமும் ஆகும். குத்துச் செடிக்குக் கொம்பே வேண்டாம்.

இரண்டாவது காரணம், மறைப்பு. வீட்டைச் சுற்றிப் பந்தலும் புதரும் அடர்ந்தால் விலங்கு வந்து நிற்பது தெரியாது. அதிகாலையில் கதவைத் திறந்து வெளியே வரும் பெண்ணுக்கு நாலு பக்கமும் பார்வை இருக்க வேண்டும். முழங்கால் உயரச் செடி கண்ணை மறைக்காது.

மூன்றாவது காரணம், நாள். விதைத்த 50, 55 நாளில் முதல் காய் வந்துவிடும். அடுத்த மூன்று வாரத்தில் மூன்று நான்கு முறை பறித்துவிடலாம். கூடலூர் வட்டத்தில் நிலம் என்பதே பெரிய வழக்கு. ஜன்ம நிலங்களை ஒழிக்க 1969-ல் சட்டம் வந்தது. வழக்குகள் பல்லாண்டு நடந்தன. பட்டா இல்லாமல் வாழும் குடும்பங்கள் ஏராளம். 'நாளை இந்த இடம் நமக்கு உண்டோ, இல்லையோ' என்ற பயம் உள்ளவர் தென்னை வைக்க மாட்டார். பலா வைக்க மாட்டார். ஆனால் இரண்டரை மாதப் பயிருக்கு என்ன பயம்? இன்றைக்கு விதை, மறுநாள் மறுமாதத்தில் காய். நிலையில்லாத வாழ்வுக்கு இது நிலையான துணை.

தேயிலை மண்ணின் புளிப்பு

"நாங்களும் ஒரு தடவை விதைத்தோம். செடி மஞ்சளித்துக் குன்றிப் போயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் குற்றம் இல்லை. விதையின் மேலும் குற்றம் இல்லை. மண் புளித்திருக்கிறது!

தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். மழை அதிகம் பெய்யும் மலையில் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து ஓடிவிடும். அதனால் மண் புளிக்கும். தேயிலை அதில் செழிக்கும். பீன்ஸ் செழிக்காது.

பீன்ஸ் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. புளித்த மண்ணில் அவை சரியாக வாழ மாட்டா. அதனால்தான் செடி மஞ்சளிக்கிறது.

இதற்கு மருந்து கையருகே இருக்கிறது. விறகு அடுப்பு எரியும் வீட்டில் சாம்பல் இருக்கும். அதைக் கொட்டிவிடாமல் சேர்த்து வைக்க வேண்டும். விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, பத்தடிப் பாத்திக்கு இரண்டு முறம் சாம்பலைத் தூவி, நன்றாகக் கொத்திக் கலக்க வேண்டும். கேஸ் அடுப்பு வீடாக இருந்தால் உரக்கடையில் விற்கும் விவசாயச் சுண்ணாம்பு அரைக் கிலோ போதும். மக்கிய சாணத்தைச் சாம்பலோடு சேர்த்துப் போடக் கூடாது. அதன் சத்து காற்றில் போய்விடும். இரண்டு வாரம் கழித்து, விதைக்கும்போது போட்டால் நல்லது.

யூரியாவை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? இலை தழைக்கும், பூ வராது. பீன்ஸுக்கு ஆசை காட்டிக் கெடுக்கக் கூடாது!

ஆடிப்பட்டம் இங்கே ஆகாது

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. மதுரைக்கும் திருச்சிக்கும் அது பொருந்தும். தேவர்சோலையில் ஆடியில் பீன்ஸ் விதைத்தால் அது மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். தென்மேற்குப் பருவமழை ஆனியிலும் ஆடியிலும் இங்கே கொட்டித் தீர்க்கும். மழைக்குப் பேர்போன தேவாலா பக்கத்துப் பந்தலூர் வட்டத்தில்தான் இருக்கிறது. பழமொழியும் ஊர் பார்த்துத்தான் செல்லும்.

இங்கே இரண்டு பட்டம் உண்டு. ஒன்று மாசி. அப்போது விதைத்தால் சித்திரையில் காய் வந்துவிடும். பெருமழை தொடங்குவதற்குள் பறித்து முடித்துவிடலாம். மாசி, பங்குனியில் மழை குறைவு. ஆகவே தண்ணீர் ஊற்ற வேண்டும். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் இதற்குப் போதும். சோப்பு நீரை மட்டும் ஊற்றக் கூடாது.

இரண்டாவது பட்டம் ஐப்பசி. பெருமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். மார்கழியில் காய் வரும். ஊட்டியில் மார்கழி, தையில் உறைபனி விழுந்து செடியைக் கருக்கும். தேவர்சோலை ஊட்டியைவிட மிகத் தாழ்ந்த இடம். அந்தக் கவலை இங்கே இல்லை.

பாத்தி போடுவது எப்படி?

மூன்றடி அகலம், பத்தடி நீளம். மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கட்டியை உடைக்க வேண்டும். பாத்தி தரையைவிட அரையடி உயரமாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் பீன்ஸ் பிழைக்காது. சரிவான இடமென்றால் பாத்தி சரிவுக்குக் குறுக்கே அமைய வேண்டும்; இல்லாவிட்டால் மண் அரித்துப் போகும்.

ஓரடிக்கு ஒரு வரிசை. ஆக மூன்று வரிசை. வரிசையில் அரையடிக்கு ஒரு குழி. குழிக்கு இரண்டு விதை. ஓர் அங்குல ஆழம் போதும். மொத்தம் 50 கிராம் விதை தாராளம். விதையை இரவு முழுவதும் ஊறவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பீன்ஸுக்கு அது வேண்டாம், வெடித்துக் கெட்டுவிடும். ஈர மண்ணில் உலர்ந்த விதையை ஊன்றினால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். முளைத்தபின் நல்ல நாற்று ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

எந்த விதை? பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த 'அர்க்கா கோமல்' நல்ல குத்துச் செடி. அமெரிக்காவிலிருந்து வந்து நம் நாட்டில் பரவிய 'கன்டெண்டர்' என்ற வகையும் அப்படியே. கடையில் கேட்கும்போது 'குத்துச் செடி' என்று அழுத்திச் சொல்லி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கொடி விதை வந்து, கொம்பு தேடும்படி ஆகிவிடும்!

மூன்றாவது வாரம் களை எடுத்து, செடியின் அடியில் மண் அணைக்க வேண்டும். வேர் மேலோட்டமாக இருக்கும். ஆகவே ஆழமாகக் கொத்தக் கூடாது. இலையில் மழைத் துளியோ பனியோ இருக்கும்போது செடியைத் தொடக் கூடாது. துரு நோயும் புள்ளி நோயும் ஈரக் கையோடுதான் செடிக்குச் செடி போகும். அசுவினி கண்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். வீட்டுப் பாத்தியில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. என்ன தெளித்தோம், எப்போது தெளித்தோம் என்பது தாய்க்குத் தெரியும். சந்தைக் காய்க்கு அந்தச் சாட்சி ஏது?

பறிக்கத் தெரிந்த விரல்கள்

தேவர்சோலைப் பெண்களுக்கு இதில் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. எந்தக் கொழுந்து தயார், எது இன்னும் பிஞ்சு, எது முற்றியது என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். கொழுந்து பறிக்கப் பறிக்கத் தேயிலை துளிர்க்கும். பீன்ஸும் அப்படித்தான். பறிக்கப் பறிக்கப் பூக்கும்.

இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். காய் விரலால் ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் வாடியது. உள்ளே விதை புடைத்திருந்தால் முற்றியது. 'இன்னும் பெரிதாகட்டும்' என்று விட்டுவைப்பது சிக்கனம் அல்ல, நட்டம். காயை முற்றவிட்டால், தன் வேலை முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்திவிடும்.

முன்காலத்து பீன்ஸில் நார் உரித்தே கை ஓய்ந்துபோகும். அமெரிக்காவில் கால்வின் கீனி என்பவர் நார் குறைந்த செடிகளைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நாரில்லாத வகைகளை உண்டாக்கினார். அவற்றுள் ஒன்று 1894-ல் விற்பனைக்கு வந்து புகழ் பெற்றது. அடுப்படிப் பெண்களுக்கு அவர் செய்த உபகாரம் சிறியதல்ல. ஆனாலும் எந்த நல்ல வகையும் முற்றினால் நார் கட்டும். இளசாய்ப் பறிப்பதே நாருக்கு மருந்து. கடைக்காயில் அந்த வசதி இல்லை. வீட்டுப் பாத்தியில் உண்டு.

எவ்வளவு கிடைக்கும்?

இல்லாத கணக்கைச் சொல்லி ஆசை காட்டக் கூடாது. நல்ல விளைச்சலில் ஏக்கருக்குச் சுமார் 4 டன் என்று வைத்துக்கொண்டால், மூன்றுக்குப் பத்தடிப் பாத்தியில் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை கிடைக்கும். முதல் தடவை இரண்டு கிலோவே கிடைத்தாலும் தோல்வி அல்ல.

"இவ்வளவுதானா?" என்று கேட்கலாம். மூன்று கிலோ என்றால் கால் கிலோவாகப் பன்னிரண்டு பொரியல். ஒரு தடவை பாதிப் பாத்தியும், பதினைந்து நாள் கழித்து மீதிப் பாதியும் விதைத்தால் ஒரே நாளில் குவியாமல் ஒரு மாதத்துக்கு மேல் மாறி மாறி வரும். ஆண்டுக்கு இரண்டு பட்டம். இடையில் அதே பாத்தியில் கீரை, முள்ளங்கி.

உலக சுகாதார நிறுவனம் ஒருவர் நாள்தோறும் பழமும் காய்கறியுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்கிறது. சோறும் ரசமும் உருளைக்கிழங்கும் உண்ணும் வீட்டில் அந்த அளவு எங்கே வருகிறது? உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் சேராது. பீன்ஸில் நார்ச்சத்து உண்டு. கருவுற்ற பெண்ணுக்கு மிகவும் வேண்டிய ஃபோலேட் என்ற சத்தும் உண்டு. வளரும் பிள்ளையின் தட்டில் பச்சை நிறம் விழ வேண்டும். அதுதான் இந்தப் பாத்தியின் உண்மையான லாபம். ரூபாய் மிச்சம் இரண்டாம் பட்சம்.

விதைக்கும் மறுபடி காசு கொடுக்க வேண்டாம். நோயில்லாத செடிகளில் நாலைந்தைப் பறிக்காமல் விட்டு, காய் செடியிலேயே காயும் வரை காத்திருக்க வேண்டும். பீன்ஸ் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆகவே வீரிய ஒட்டு விதையாக இல்லாதவரை தாய்ச் செடியைப் போலவே பிள்ளைச் செடி வரும். உலர்த்திச் சாம்பல் கலந்து புட்டியில் மூடி வைத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை தயார்.

மிஞ்சிய முற்றிய விதையைக் குழம்பு வைக்கலாம். ராஜ்மா என்று கடையில் விற்பதும் இதே குடும்பம்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த விதையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு மெத்தென்று வேக வைக்க வேண்டும்.

நேரம் எங்கே? யானை வந்தால்?

"விடிந்தால் வேலை, பொழுது சாய்ந்தால் அடுப்பு. தோட்டத்துக்கு நேரம் எங்கே?" என்று பெண்கள் கேட்பது நியாயம். ஆகவே இது பெண்ணின் தலையில் இன்னொரு சுமையாக விழக் கூடாது. பாத்தி கொத்துவது ஆண்மகன் வேலை. தண்ணீர் ஊற்றுவது பள்ளிப் பிள்ளைகள் வேலை. பறிப்பது பாட்டியின் வேலை. கொத்தும் நாள் போக, தினம் கால் மணி நேரம் போதும். பெண்ணுக்கு உள்ள உரிமை, பொரியலில் உப்புப் பார்ப்பது!

"யானை வந்து மிதித்தால்?" மிதிக்கக் கூடும். பன்றி கிளறக் கூடும். மான் மேயக் கூடும். குரங்கு பறிக்கக் கூடும். வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி போட்டு, பழைய வலையோ முள்ளோ சுற்றினால் சிறு விலங்குகளைப் பெரும்பாலும் தடுக்கலாம். மின்சாரக் கம்பி கட்டுவது மட்டும் மகா பாதகம்; அது விலங்கையும் கொல்லும், பிள்ளையையும் கொல்லும். யானை தேடி வருவது பெரும்பாலும் வாழையையும் பலாவையும். அதன் கால்பட்டுப் பாத்தி போனாலும் போவது 50 கிராம் விதையும் சில வார உழைப்பும்தான். மறுபடி விதைக்கலாம்.

"பாத்தி போடச் சொல்வது கூலி உயர்வுக் கோரிக்கையை மழுப்புவதற்கு வழி" என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் பயத்தில் பொருள் இருக்கிறது. ஆகவே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பீன்ஸ் பாத்தி கூலிக்குப் பதில் அல்ல. நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை. ஓய்வு பெற்றபின் குடியிருக்க ஓர் இடம் அவன் தேவை. பாத்தியைக் காட்டி அவற்றைக் குறைக்க நினைப்பவன் அநியாயக்காரன். அதேபோல, கூலி உயரும் வரை மண்ணைச் சும்மா போடுவதால் யாருக்கு லாபம்? இரண்டும் வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தோட்டம் போடச் சொன்னார்கள். 1943-ல் அங்கே சுமார் 2 கோடி வீட்டுத்தோட்டங்கள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். பணக்கார நாடே கொல்லையில் காய் போட்டது. இதில் கௌரவக் குறைவு எங்கே வந்தது?

எஸ்டேட் நிர்வாகங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். லைன் வீடுகளுக்குப் பின்னால் வீட்டுக்கு மூன்றுக்குப் பத்தடியை அளந்து, குச்சி நட்டுக் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் அது எத்தனை செடிக்கு இடம்? வீட்டுக்குப் பக்கத்தில் களைக்கொல்லி தெளிக்காமல் விடுவதும் அதில் அடங்கும். பாத்தி போட்ட வீட்டில் பிள்ளை நன்றாக உண்டால் நாளை நல்ல தொழிலாளி எஸ்டேட்டுக்குத்தான் கிடைப்பார்.

தோட்டக்கலைத் துறை செய்ய வேண்டியது இன்னொன்று. சமவெளிக்கு ஏற்ற விதைப் பை மலைக்கு அப்படியே பொருந்தாது. தேவர்சோலைக்கு வரும் பையில் 50 கிராம் குத்துச் செடி பீன்ஸ் விதை இருக்க வேண்டும். ஒரு பொட்டலம் விவசாயச் சுண்ணாம்பும் இருக்க வேண்டும். பையின் மேல் 'மாசி, ஐப்பசி' என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். புதிதாக எழுதப் படிக்கக் கற்ற தாயும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள்.

பள்ளிக்கூடங்களிலும் ஒரு பாத்தி போடலாம். வேர் முடிச்சு என்று புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, அதை மண்ணிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துப் பார்க்கட்டும். முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நுண்ணுயிர் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தப் பாடம் மறக்குமா?

குடும்பங்கள் செய்ய வேண்டியது எல்லாவற்றிலும் எளிது. அடுத்த பட்டம் வரும்வரை சாம்பலைச் சேர்க்க வேண்டும். பட்டம் வந்ததும் விதைக்க வேண்டும். காட்டு எல்லைக்குள் ஓரங்குலமும் போக வேண்டாம். வாசலுக்கும் வேலிக்கும் நடுவில் உள்ள இடம் போதும். இடமே இல்லாத வீடா? மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிய பழைய சிமெண்டுச் சாக்கில் மூன்று செடி வளரும்.

மகாபலியிடம் வாமனன் மூன்றடி மண் கேட்டான். கிடைத்ததும் உலகத்தையே அளந்துகொண்டான். தேவர்சோலைத் தாய் கேட்பதும் மூன்றடி மண்தான். அவள் உலகத்தை அளக்கப் போவதில்லை. பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டிப் பொரியல் வைக்கப் போகிறாள். அந்த மூன்றடியைக் கொடுக்க யாருக்கு மனம் வராது?